ஆள் கிடைக்கும்வரை ஒத்து

உறுவையாற்றில் சுப்பராயலு வீட்டில் குழந்தை அழுதால்கூட சுருதி சேர்ந்துதான் அழ வேண்டும். சேராவிட்டால் சுப்பராயலுவுக்குக் கோபம் வந்துவிடும். "இன்னாடி இது, சுருதி எறங்கி அழுவுறான்? பாலு குடுத்து நிறுத்து" என்று மனைவி தையலம்மாளை அதட்டுவார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதருக்கு விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்த வில்லியனூர் கொம்யூன் வட்டாரத்தில் எந்தச் சாமி புறப்பட்டாலும், எந்தப் பண்ணை வீட்டில் தாலி கட்டினாலும் முன்னால் போவது அவருடைய நாயனம்தான். மூத்த பிள்ளை பலராமன் பக்கத்தில் நின்று இரண்டாவது நாயனம் வாசிப்பான். தையலம்மாளின் தம்பி, செலியமேட்டு நடேசன், தவில். பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் அதே தொழில். அந்த வீட்டு எலிகூடத் தாளம் தப்பி ஓடாது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சுருதி இறங்கி அழுத அந்தக் குழந்தை பச்சையப்பன், இரண்டாவது பிள்ளை. இந்தக் கதை அவனுடையது. பிள்ளைக்கு ஏழு வயதானால் கையில் நாயனத்தைக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். பலராமனுக்கு அப்படித்தான் நடந்தது. பச்சையப்பனுக்கும் நாள் பார்த்தாயிற்று, தேங்காய் பழம் வாங்கியாயிற்று. அந்த வாரம் பார்த்து, மேளத்தில் ஒத்து ஊதிக்கொண்டிருந்த அய்யனார் சொல்லாமல் கொள்ளாமல் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே வேலை வாங்கித் தருவதாக யாரோ சொன்னார்களாம். போகிறவன் பிள்ளையின் நல்ல நாள் முடிந்த பிறகு போயிருக்கக் கூடாதா? சில பேருக்கு நேரம் காலமே தெரியாது.

ஒத்து பார்வைக்கு நாயனம் மாதிரியேதான் இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுரம். நாயனக்காரர் ராகத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வீடு திரும்பும்வரை அந்த ஒரே சுரத்தை அறுபடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடைத்துவைத்து, அது தீர்வதற்குள் மூக்கால் அடுத்த மூச்சை இழுத்துவிட வேண்டும். நாயனக்காரர் நடுவில் நிறுத்தலாம், துண்டால் முகம் துடைக்கலாம், தவில்காரர் தனியாக வெளுத்து வாங்கும்போது "பலே" என்று தலையாட்டலாம். ஒத்துக்காரனுக்கு அதெல்லாம் கிடையாது. அவன் வாயை எடுத்தால் கச்சேரி போச்சு.

"ஆள் கெடைக்கிற வரைக்கும் சின்னவன் புடிக்கட்டும்" என்றார் சுப்பராயலு.

ஒரு பானைத் தண்ணீரில் பப்பாளிக் காம்பை விட்டு ஊதச் சொன்னார்கள். குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கக் கூடாது. பச்சையப்பன் அதை விளையாட்டு என்று நினைத்துக் குஷியாக ஊதினான். சனியன் பிடித்தது அங்கேதான். கொஞ்சம் தடுமாறியிருந்தால், "இவனுக்கு வராதுடா" என்று விட்டிருப்பார்கள். பயல் ஒரே வாரத்தில் கன்னத்தைத் தவளை மாதிரி வைத்துக்கொண்டு நிற்காமல் குமிழி விட்டான். தேங்காயையும் பழத்தையும் தையலம்மாள் சமையலுக்கு எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவனுக்கு மீசை முளைத்தது. குரல் உடைந்தது. அண்ணன் பலராமனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைப்பதற்கு! கடலூர்ப் பக்கத்து வித்வான்கள்கூட, "சுப்பராயலு, ஒன் சின்ன பையன ஒரு நாளைக்கி அனுப்புயா, இப்பிடி ஒத்து புடிக்க ஆளே இல்ல" என்று கேட்டு வருவார்கள். இப்படிப்பட்ட ஒத்தை எவன் விடுவான்? தையலம்மாள் மட்டும் புருஷனுக்குச் சோறு போடும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னாங்க, ஆள் கெடைச்சுதா?"

"பாத்துகினு தான்டி இருக்கேன்."

"எங்க பாக்குறீங்க, கொழம்புலியா?"

சுப்பராயலு தலையை நிமிர்த்த மாட்டார். குழம்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒத்து ஊதுகிறவனுக்கு வாய்க்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அப்பாவுக்கு ஓரடி பின்னால் நின்று பச்சையப்பன் எல்லாவற்றையும் கேட்டான். அப்பா எந்த இடத்தில் சறுக்கி மேலே ஏறுவார், எந்த இடத்தில் அண்ணன் திணறிப்போய் நிறுத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பான், எல்லாம் அவனுக்குப் பாடம். அப்பா ஒதுக்கிப் போட்ட பழைய குட்டை நாயனம் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லைக்குள் போய் உட்கார்ந்து வாசிப்பான். ஆள் உயரக் கரும்பு, வெளியே சத்தம் முழுசாகப் போகாது. காவல்காரன் முதலில் நரி என்று நினைத்துத் தடியோடு வந்தான். வந்து பார்த்துவிட்டு, "நீயா? நான் நரின்னு இல்ல நெனச்சேன்" என்றான். கொஞ்ச நாள் கழித்து, "இன்னிக்கி நரி இன்னா ராகம்?" என்று கேட்டுவிட்டு வரப்பில் உட்காரத் தொடங்கினான். பச்சையப்பனுக்கு முதலில் கிடைத்த ரசிகர் அவன்தான்.

மாதத்துக்கு ஒருமுறை, நாயனத்தின் வாயில் செருகுகிற சீவாளி வாங்கப் புதுச்சேரிக்குப் போகும்போது கடற்கரையில் துரைமார்களின் பாண்டு வாசிப்பதைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்பான். அதில் ஒருவன் உடம்பைச் சுற்றிப் பாம்பு மாதிரி ஒரு பெரிய பித்தளைக் குழலை மாட்டிக்கொண்டு, பூம், பூம் என்று இரண்டே சுரம் ஊதுவான். பச்சையப்பனுக்கு அவன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. 'நம்ம ஆளு. இருந்தாலும் இவனுக்கு ரெண்டு சுரம் குடுத்திருக்காங்க' என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது. கடைசியில் எப்போதும் ஒரு பாட்டு வாசிப்பார்கள். அப்போது துரைகள் எல்லாரும் விறைத்து எழுந்து நிற்பார்கள். அதுதான் அவர்கள் தேசத்துக் கொடிப்பாட்டு என்று வேர்க்கடலை விற்கிறவன் சொன்னான். அதையும் பச்சையப்பன் கரும்புக் கொல்லைக்குக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்தான். நிஜ நரிகளுக்கு அது பிடிக்கவில்லை என்று காவல்காரன் சொன்னான்.

இப்படியே போயிருந்தாலும் போயிருக்கும், தனக்கொடி இல்லாவிட்டால். தனக்கொடி செலியமேட்டு நடேசனின் பெண். பச்சையப்பனுக்குச் சொந்த மாமன் மகள். முறைக்கு முறை, பொருத்தத்துக்குப் பொருத்தம். அவளுக்கும் அவன்மேல் ஆசை, ஆனால் வாய் மட்டும் ஆசை இருக்கிற மாதிரி பேசாது.

உறுவையாற்றிலிருந்து செலியமேட்டுக்குப் போவதென்றால் நடுவில் இங்கிலீஷ்காரச் சீமை கொஞ்சம் குறுக்கே வரும். அங்கே சாவடியில் நிற்கிற சிப்பாய்கள் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரச் சீமையிலிருந்து எவன் எதைக் கடத்துகிறான் என்று அவர்களுக்கு எப்போதும் சந்தேகம். ஒருநாள் பச்சையப்பனிடம் ஒத்தைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான் ஒரு புதுச் சிப்பாய்.

"இன்னாடா இது, நாயனம்ன்ற, ஓட்டையே இல்ல? உள்ள இன்னா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லீங்க. ஒத்துங்க."

"எங்க, வாசி பாப்போம்."

பச்சையப்பன் ஊதினான். சிப்பாய் கொஞ்ச நேரம் காத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"சரி, வேற வாசி."

"வேற வராதுங்க."

"அய்ய, இதுக்கு ஒரு ஆளா!" என்று சிப்பாய் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சங்கதி பச்சையப்பனுக்கு முன்னால் செலியமேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் மாமன் வீட்டுக்குள் நுழையும்போதே தனக்கொடி முறத்தை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, வேற வராதாமே?"

"சிரிடி, சிரி. நாளைக்கி நீதான் இந்த ஒத்துக்காரனுக்கு வாக்கப்படப் போற."

"நானா? வூட்ல ஒரே பேச்சா இல்ல இருக்கும்!" என்றாள். சொல்லிவிட்டு முகம் மாறிப்போய், குரலைத் தாழ்த்தினாள். "மாமா, திருக்கனூர்ல இருந்து ஆளு வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. நாயனம் வாசிக்கிற மாப்பிள்ளையாம். அப்பா வேணாம்னு சொல்லல."

பச்சையப்பன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே நடேசனிடம் போய் நின்றான். நடேசன் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைத்துவிடுவார்.

"இன்னாடா, மொகத்த அப்பிடி வெச்சிருக்க? நான் உள்ளதச் சொல்றேன். நீ தங்கமான பையன். ஆனா ஒத்துக்காரனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். நாளைக்கி ஒங்கப்பாவுக்கு அப்புறம் ஒங்கண்ணன் வாசிப்பான், நீ பின்னால நிப்ப. அவனுக்கு அப்புறம் அவன் புள்ள வாசிப்பான், அப்பவும் நீ பின்னால நிப்ப. எம் பொண்ணும் ஒங்கூடப் பின்னாலயே நிக்கணுமா?"

"மாமா, எனக்கு நாயனம் வரும்."

"வருதா? அப்ப நாலு பேரு முன்னால வாசி. இந்த ஆவணிக்குள்ள வாசி. இல்லன்னா திருக்கனூர்க்காரங்களுக்கு வெத்தில பாக்கு மாத்திடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் கேட்டான். ஒரு புறப்பாட்டில், ஒரே ஒரு பாட்டு, வாசிக்க விடுங்கள் என்று கேட்டான். சுப்பராயலு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ வாசிச்சா ஒத்து யாரு புடிக்கிறது? ஆள் கெடைக்கட்டும், பாக்கலாம்."

அன்றைக்குத்தான் பச்சையப்பனுக்கு அப்பாமேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே ஒரு சாமி புறப்பாடு. கோபத்தோடு கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு ஒத்து ஊதினான். கோபமாக ஊதினாலும் அது அதே சுரம்தான், யாருக்கும் தெரியவில்லை.

ஆனி மாதம் வந்தது. ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பண்டிகை. வருஷா வருஷம் வில்லியனூரில் மேர் ஐயா கொடியேற்றுவார். மேர் என்றால் கொம்யூனுக்கு அவர்தான் எஜமானர். எங்கேயோ இருந்து வந்த துரை இல்லை, நெல்லும் கரும்பும் பயிரிடுகிற உள்ளூர்ப் பெரிய குடியானவர்தான். அந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய துரை நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாண்டு மட்டும் வராதாம், அது புதுச்சேரியிலேயே வேண்டியிருக்கிறதாம். பாண்டு இல்லாமல் கொடிப்பாட்டுக்கு எங்கே போவது? மேர் ஐயா யோசித்துப் பார்த்தார். சுப்பராயலு இருக்கையில் பாண்டு எதற்கு என்று தோன்றியது.

சுப்பராயலுவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒத்தைத் தூக்கிக்கொண்டு பச்சையப்பனும் கூடப் போனான். மேர் ஐயா கிராமபோனில் ஒரு பிளேட்டைப் போட்டு மூன்று தடவை ஓட்டிக் காண்பித்தார்.

"இவ்வளவுதானே?" என்று சுப்பராயலு நாயனத்தை எடுத்தார்.

பாவம், அவர் கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனம்தான் அங்கே இடைஞ்சல். அந்தப் பாட்டு சொல்தாக்கள், அதுதான் பட்டாளத்துச் சிப்பாய்கள், காலடி வைக்கிற மாதிரி டக் டக்கென்று போகிற பாட்டு. இவர் கைக்கோ எந்தச் சுரத்தையும் அசைக்காமல் விட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்து, வளைத்து, ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டினார். கடைசியில் அது கல்யாணத்தில் நலுங்கு வைக்கிற பாட்டாக முடிந்தது. மேர் ஐயாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"சுப்பராயலு, நல்லாத்தான் கீது. ஆனா துரை இதுக்கு எழுந்து நிக்க மாட்டாருய்யா."

மறுபடி வாசித்தார். இந்தத் தடவை பொண்ணு ஊர்வலம். மூன்றாம் தடவை அவருக்கே வியர்த்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு பாட்டு அவருடைய கைக்குப் பிடிபடாமல் போனது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற பச்சையப்பனுக்கு அப்பாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பா கையிலிருந்த நாயனத்தை மெதுவாக வாங்கினான். டக் டக்கென்று முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மேர் ஐயா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "யாருய்யா இது? ஒத்து புடிக்கிற பையன் இல்ல?"

"ஆமாங்க" என்றார் சுப்பராயலு.

மேர் ஐயா தீர்த்துச் சொல்லிவிட்டார், இந்தப் பையன்தான் வாசிக்க வேண்டும் என்று. கொடி ஏறத் தொடங்கும்போது பாட்டுத் தொடங்க வேண்டும், பாட்டு முடிகிறவரை ஒருத்தரும் அசையக் கூடாது, அதுதான் மரியாதை என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது சிக்கல் வேறு. ஆனியின் கடைசி முகூர்த்தமும் அதே நாளில் வந்து தொலைத்தது. ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை என்பதால் எல்லாரும் அன்றைக்கே தாலி கட்டத் துடித்தார்கள். பலராமன் திருக்கனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். சுற்று வட்டாரத்தில் ஒத்து ஊதுகிற அத்தனை பேரும் ஏதோ ஒரு பந்தலுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை சுப்பராயலு நிஜமாகவே ஆள் தேடினார். வண்டி கட்டிக்கொண்டு பாகூர்வரை போய்த் தேடினார். ஒத்து இல்லாமல் தன் மேளம் நாலு பேர் முன்னால் போய் நிற்பது அவரால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கடைசியில் திரும்பி வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

தையலம்மாள் மோரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாங்க, ஆள் கெடைச்சுதா?"

"இல்லடி."

"ஏன் இல்ல? இதோ குந்திகினு மோரு குடிக்கிறாரே ஒரு ஆளு."

சுப்பராயலு மோரை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். பச்சையப்பனுக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

"ஒரு பாட்டுதானே" என்றார் சுப்பராயலு கடைசியில். "வெத்தில போடுற நேரங்கூட ஆவாது."

ஜூலை பதினாலு காலை வில்லியனூரில் மூவர்ணத் தோரணமெல்லாம் கட்டியிருந்தார்கள். துரை வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக வந்து நின்றார். பக்கத்தில் மேர் ஐயா, நெஞ்சில் பதவிப் பட்டையோடு. பெரிய யுத்தத்துக்குப் போய்வந்த உள்ளூர்க் கிழவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொடிக்கயிறு பிடிக்க ஒரு தலையாரி. அவனுக்கு மேர் ஐயா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பாட்டு முடியும்போது கொடி உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் செலியமேட்டிலிருந்து தனக்கொடியும் வந்திருந்தாள். தவிலை மாட்டிக்கொண்டு நடேசன். அவருக்குப் பக்கத்தில், நரைத்த தலையோடு, ஒத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய வித்வான் சுப்பராயலு. ஊரே அதைப் பார்த்து ஒருவர் விலாவை ஒருவர் இடித்துக்கொண்டது.

மேர் ஐயா தலையசைத்தார். எல்லாக் கைகளும் சலாமுக்கு உயர்ந்தன. சுப்பராயலு ஒத்தைத் தொடங்கினார். பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டு நாயனத்தை வாயில் வைத்தான்.

வைத்து, ஆலாபனையைத் தொடங்கினான்.

பின்னே? எந்தப் பாட்டை, எந்த மேளக்காரன், ராகம் வாசிக்காமல் எடுத்த எடுப்பில் வாசித்திருக்கிறான்? மேர் ஐயா வீட்டில் வாசித்தது மாதிரிக்கு. இது சபை. துரை வந்திருக்கிறார், கொடி ஏறுகிறது, மாமன் பக்கத்தில் நிற்கிறார், தனக்கொடி பார்க்கிறாள். இங்கே ராகம் வாசிக்காவிட்டால் வேறு எங்கே வாசிப்பது? அந்தப் பாட்டின் சுரங்களைக் கரும்புக் கொல்லையில் எத்தனையோ நாள் யோசித்து, இது சங்கராபரணம் என்று அவன் முடிவு கட்டி வைத்திருந்தான். பாடமாகக் கேட்டு வைத்த அத்தனையும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. மடை திறந்தாயிற்று.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டுத் தொடங்கிவிட்டதா, இனிமேல்தானா? தொடங்கிவிட்டது என்றால் கையை இறக்கக் கூடாது. அவர் இறக்காததால் மேர் ஐயாவும் இறக்கவில்லை. மேர் ஐயா இறக்காததால் கிழவர்களும் இறக்கவில்லை. தலையாரி கொடியை விரற்கடை விரற்கடையாக ஏற்றினான். பாதிக்கு மேலே போய்விட்டது, பாட்டோ முடிகிற மாதிரி தெரியவில்லை. பயந்துபோய்க் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டான்.

இதை நிறுத்தக்கூடியவர் அங்கே ஒரே ஒருவர்தான். அவர் வாயில் ஒத்து இருந்தது. சுப்பராயலு கண்ணை உருட்டினார், புருவத்தை ஏற்றி இறக்கினார். பிள்ளைதான் கண்ணை மூடியிருக்கிறானே! காலால் அவன் குதிகாலை இடித்துப் பார்த்தார். நல்ல இடத்தில் அப்பா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவன் மேல் பஞ்சமத்துக்குப் போனான். வாயை எடுத்து "நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஒத்து அறுந்துபோகும். முப்பது வருஷம் சுருதி அறாத மேளம் துரை முன்னாலேயா அறுவது? அதைவிட அவர் உயிரையே விட்டுவிடுவார். கன்னம் எரிந்தது, காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடுகூட இன்னொன்றும் நடந்தது. பையன் ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்கி வந்த இடத்தில், தன்னையும் அறியாமல் அவருக்குத் தலை ஆடியது. அது தன்னுடைய பிடிதான், ஆனால் தன்னைவிட நன்றாக வாசிக்கிறான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டு வந்தது. டக் டக்கென்று சுத்தமாக வந்தது. துரை பெருமூச்சு விட்டு நெஞ்சை நிமிர்த்தினார். தலையாரி மளமளவென்று கயிற்றை இழுத்தான். கொடி உச்சிக்குப் போனது, பாட்டு முடிந்தது, எல்லாக் கைகளும் இறங்கின. இறங்கின கையோடு நடேசன் தவிலில் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கினார். அவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? எல்லாக் கைகளும் அவசர அவசரமாக மறுபடி மேலே ஏறின. ஒரு கிழவர் பிரெஞ்சில் என்னவோ கெட்ட வார்த்தை சொன்னதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் ஓய்ந்ததும் துரை நேரே மேளத்திடம் வந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை மேர் ஐயா தமிழில் சொன்னார்.

"துரை சொல்றாரு, யுத்தத்துலகூட அவரு தேசத்துக்காக இம்மா நேரம் நின்னது கெடையாதாம்."

அதைக் கேட்டுத் துரையே முதலில் சிரித்தார். அப்பாடா என்று ஊரும் சிரித்தது. அப்புறம் அவர் பச்சையப்பனைத் தாண்டிப் போய்ச் சுப்பராயலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றவர்கள் எல்லாரும் நடுவில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள், இந்தப் பெரியவர் ஒருவர்தான் ஒரு நொடிகூட ஓயாமல் உழைத்தார், இவர்தான் தலைமை வித்வானா என்று கேட்டார். தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். சுப்பராயலுவால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. உதடு வீங்கிப் போயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு வண்டியடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பச்சையப்பன் செம்பில் தண்ணீரோடு எதிரே நின்றான். உதை விழும் என்றுதான் நினைத்தான்.

"டேய்" என்றார் சுப்பராயலு. "இத்தினி வருசமா இத எப்பிடிடா புடிச்ச?"

அதை யாரும் பச்சையப்பனை ஒருநாளும் கேட்டதில்லை.

"நீங்க வாசிக்கிறத கேட்டுகினே நிப்பேன்பா. நேரம் போறதே தெரியாது."

சுப்பராயலு செம்பை வாங்கித் தரையில் வைத்தார். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பிள்ளை கழுத்தில் போட்டார்.

"எனக்குத் தெரிஞ்சுதுடா" என்றார் உதட்டைத் தடவிக்கொண்டு. "நல்லாவே தெரிஞ்சுது."

பச்சையப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத் தவிலைத் தூக்கிக்கொண்டு நடேசன் வந்து நின்றார். பின்னால் தனக்கொடி, ஒரு வார்த்தைகூடக் கேலி பேசாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், ஒத்துக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னவன் நான். இப்பவும் சொல்றேன், குடுக்க மாட்டேன். ஆனா இப்ப ஒத்துக்காரரு நீங்க. ஒங்களுக்குத்தான் எங்கக்கா இருக்கே!"

பின்னாளில் பச்சையப்பனின் நாயனம் கடலூர், விழுப்புரம்வரை போனது. எங்கே போனாலும் முதல் செம்பு மோர் ஒத்துக்காரனுக்குத்தான் என்று பிடிவாதம் பிடிப்பான். ஒவ்வொரு ஜூலையிலும் மேர் ஐயா ஆள் அனுப்பி, "ராகம் வேணாம்பா, பாட்டு மட்டும் போதும்" என்று கெஞ்சுவார். சாவடிச் சிப்பாய் ஒருநாள் அவன் நாயனத்தை வாங்கித் துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தானாம்.

அதெல்லாம் பிற்பாடு. ஆவணியில் செலியமேட்டில் கல்யாணம் நடந்தது. பலராமன் நாயனம். பெண்ணுக்கு அப்பாவே எழுந்துபோய்த் தவிலை மாட்டிக்கொண்டார், யார் சொல்லியும் கேட்கவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த பச்சையப்பனுக்குச் சுருதி காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் கன்னம் தானாக உப்பியது. தனக்கொடி அவன் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கிறானே, ஒத்து ஊதுவது யார் என்று திரும்பிப் பார்த்தான். பலராமனுக்கு ஓரடி பின்னால், கன்னத்தைத் தவளை மாதிரி வைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். ராகத்தில் ஒரு நல்ல இடம் வந்தபோது தலையை ஆட்டினார், ஒத்து அறவில்லை.

பந்தலில் யாரோ ஒரு பெரியவருக்கு மனசு பொறுக்கவில்லை. "இன்னா அக்கிரமம்! எம்மாம் பெரிய வித்வான், அவரப் போயி ஒத்து புடிக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

தாம்பாளத்தோடு போய்க்கொண்டிருந்த தையலம்மாள் நின்று திரும்பினாள்.

"இன்னா பண்றது? ஆள் கெடைக்கிற வரைக்கும் புடிக்கட்டும்."